குவியலின் குறுக்கே ஒரு துடுப்பு

சங்கரா மீன் குவியலுக்கு முன்னால் நின்ற தேசம்மா "ஒரு தரம்" என்றாள். வாங்க வந்தவர்களின் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "ரெண்டு தரம்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கரை. எந்தக் கரை என்று எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஃபைபர் படகுகள் ஐந்தாறு மணலில் ஏறி நின்றன. நீலத் தார்ப்பாயின் மேல் சங்கரா ஈரம் காயாமல் சிவந்து கிடந்தது. சுற்றி இருபது, இருபத்தைந்து பேர்.

நான் தேசம்மாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரல்களும் மணலை இறுக்கிப் பிடித்திருந்தன. உதடு வறண்டு வெடித்திருந்தது.

மூன்றாவது தரத்தைச் சொல்லாமலேயே அவள் திரும்பி நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். முழங்கால்கள் உரச, சின்னச் சின்ன அடிகளாக வைத்து, காயப்போட்டிருந்த வலைகளைத் தாண்டி, சாலையைக் கடந்து, தன் வீடு இருக்கும் சந்துக்குள் மறைந்தாள். கரையிலிருந்து அவள் வீடு எட்டு நிமிட நடை.

"இன்னாமே, ஏலக்காரம்மா எஸ்கேப்பா?" என்றார் ஒரு வியாபாரி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏலம் கூறுபவர் பாதியில் இடத்தை விட்டு நகர்ந்தால் அந்தக் குவியலின் ஏலம் செத்துவிட்டது என்று பொருள். அதுவரை கேட்ட விலை எதுவும் நிற்காது. வேறொருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படகுக்காரர் ஏழுமலை, பக்கத்துக் குவியலில் நின்றிருந்த குமுதாவைப் பார்த்தார். அவளும் ஏலம் கூறுபவள்தான், தேசம்மாவை விடப் பத்து வயது இளையவள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு வந்து நின்று, முதலிலிருந்து கூவத் தொடங்கினாள்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து அப்போது தேசம்மாவுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் அதே நோய், அதே மருத்துவமனை, அதே மாதங்கள். அதைத்தான் சில வாரங்களாக இந்தப் பத்தியில் எழுதிவருகிறேன். இந்த வாரம் என் கதையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன்.

ஏழுமலைக்கு நான்கு படகுகள். நான்கின் மீனையும் பல வருடங்களாக ஏலம் கூறியவள் தேசம்மா. அவள் மருத்துவமனைக்கு அலைந்த காலத்தில் குமுதா அந்த இடத்தில் நின்றாள். தேசம்மா திரும்பி வந்ததும் ஏழுமலை சொன்னது ஒன்றுதான்.

"ஒரு நாளு முச்சூடும் நின்னு காட்டுமே. நின்னுட்டா போட்டு நாலும் உன்னுது. இல்லாங்காட்டி குமுதாவே கூவட்டும்."

அந்த ஒரு நாள்தான் இப்படி முடிந்தது.

தண்ணீர் குடித்தவர்களின் வரிசை

தேசம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது கதிர்வீச்சு அறைக்கு வெளியே உள்ள நடைக்கூடத்தில்.

இடுப்புப் பகுதிக்குக் கதிர் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளிவிடும். குடலில் கதிர் படுவது குறையும். அதற்காக எங்களை மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். முன்னால் போனவருக்குத் தாமதமானால் பின்னால் இருப்பவர்கள் கதி அதோகதி.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தி காலை மாற்றி மாற்றிப் போடுவாள். ராயபுரத்துக்காரி ஒருத்தி ஜெபமாலையை வழக்கத்தைவிட வேகமாக உருட்டுவாள். அந்த ராயபுரத்துக்காரி நான்தான்.

தேசம்மா மட்டும் பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"உனக்கு முட்டலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுக்கேவா? நாலு மணிக்குக் கரைக்குப் போனா பதினோரு மணி வரிக்கும் அடக்கினுதான் கீவோம். நாங்கல்லாம் இதுல டிகிரி முட்ச்சவங்கோ, பேப்பரக்கா."

நான் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான்.

ஒருநாள் இயந்திரம் நின்றுபோனது. சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொருத்தியாக எழுந்து கழிப்பறைக்கு ஓடினோம். திரும்பி வந்து மறுபடி மூன்று டம்ளர், மறுபடி முக்கால் மணி நேரம். தேசம்மா அசையவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போனாள். முடிந்து வெளியே வந்தபோது நடைக்கூடம் முழுவதும் கை தட்டியது. அவள் பந்தயத்தில் ஜெயித்தவளைப் போல ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மற்றக் கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையை நோக்கிப் பறந்தாள்.

நோய் போனது. போகும்போது அந்தத் திறமையையும் எடுத்துக்கொண்டு போனது.

கதிர் பட்ட சிறுநீர்ப்பை சிலருக்குச் சுருங்கிவிடும், விறைத்துவிடும். நிறைவதற்கு முன்பே நிறைந்ததாகச் சொல்லும். சொன்ன பிறகு அவகாசம் தராது. இதை மருத்துவர்கள் எங்களுக்குச் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் உயிர் பிழைப்போமா என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இது காதில் விழவில்லை.

நான் சமாளித்த விதம் இது. வீட்டிலிருந்து அலுவலகம் வரை எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது, எது திறந்திருக்கும், எதில் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஒரு வரைபடமே மனதில் வைத்திருந்தேன். மெட்ரோவுக்கு வண்ணாரப்பேட்டையில் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை. கைப்பையில் மாற்று உடை. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. செய்திக் கூட்டத்தின் நடுவில் எழுந்து போனால், தொலைபேசி வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு போவேன்.

கரையில் நிற்பவளுக்கு அந்த வசதி இல்லை. அவள் எழுந்தால் ஏலம் சாகும்.

என் கையால் எழுதிய வரி

அன்று காலை ஏலம் முடிந்ததும் தேசம்மாவின் வீட்டுக்குப் போனேன். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கால் வலது காலைவிடச் சற்றுப் பருத்திருந்தது. நின்றால் அப்படி ஆகும். அதுவும் சிகிச்சை விட்டுப்போன மிச்சம்தான்.

"போச்சு யக்கா. அல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்கோ. நடுவுல போறாமேரி ஆயிடிச்சி."

"காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்று கேட்டேன்.

"தண்ணியா? நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு சொட்டு குடிக்கல. குடிச்சாத்தானே வரும்? குடிக்காங்காட்டி எங்கேர்ந்து வரும்?"

அவள் அதைக் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னாள். எனக்கு அது என் மேல் வைத்த குற்றச்சாட்டாகக் கேட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் இளம் நிருபராக இருந்தபோது இதே கரைக்கு வந்திருக்கிறேன். ஏலம் கூறும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். புகைப்படக்காரர் நல்ல படங்கள் எடுத்தார். படத்துக்குக் கீழே போட நான் எழுதிக்கொடுத்த வரி இன்னும் நினைவிருக்கிறது: 'விடியும் முன்பிருந்து உச்சி வெயில்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உழைக்கும் பெண்கள்.'

ஆசிரியர் அந்த வரியைப் பாராட்டினார். நானும் பாராட்டாகத்தான் எழுதினேன்.

ஏன் தண்ணீர் பல்லில் படவில்லை என்று நான் கேட்கவில்லை. யார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி. நான்காவதை விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் பதில் கரையிலேயே இருந்தது. வலைகளுக்குப் பின்னால், சிமென்ட் பூசிய ஒரு சின்ன அறை. பெண்களுக்கான கழிப்பறை என்று கட்டியது. கட்டிய நாளிலிருந்து அதில் வலை அடுக்கிவைத்திருந்தார்கள். வாசலில் பூட்டு.

அந்தக் கரைப் பெண்கள் யாரும் அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீரை நிறுத்திக்கொள்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அம்மா நிறுத்தினாள், மகளும் நிறுத்தினாள். புற்றுநோய் வந்து போன பிறகும் தேசம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

கரண்ட் வெச்ச ஒடம்பு

அடுத்த மறுபரிசோதனைக்கு நாங்கள் மூன்று பேராகப் போனோம். தேசம்மா, நான், அவள் கணவர் பன்னீர். ஷேர் ஆட்டோவில் தேசம்மாவும் நானும் பின்னால். பன்னீர் ஓட்டுநருக்குப் பக்கத்தில்.

பன்னீர் நல்ல மனிதர். சிகிச்சை நடந்த நாட்களில் ஒருநாள்கூட விடாமல் சாப்பாடு கொண்டுவந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவார். ஏன் உள்ளே வருவதில்லை என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் 'கரண்ட்' என்பார்கள். கரண்ட் வைத்த உடம்பில் கரண்ட் இருக்கும் அல்லவா? அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "கரண்ட் வெச்ச ஒடம்புமே. கொயந்தய கிட்ட உடாதே." அன்றிலிருந்து பேத்தி தேசம்மாவின் மடியில் ஏறவில்லை. பன்னீர் மொட்டை மாடிக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

மறுபரிசோதனைப் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசுபவர். தண்ணீர் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தண்ணி குடிக்காம இருந்தா ஒண்ணுக்கு கெட்டியாகும்மா. புண்ணுல மிளகாய்த்தூள் போட்ட மாதிரி பையை எரிக்கும். எரிஞ்சா இன்னும் சீக்கிரம் முட்டும். நீங்க நிறுத்தினதுனாலதான் அன்னைக்கு ஓட வேண்டி வந்தது."

"அப்ப குடிக்கணுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா. முட்டுதோ முட்டலையோ, மணி பார்த்துப் போகணும். முதல்ல அரை மணிக்கு ஒரு தரம். பழகினதும் முக்கால் மணி. அப்புறம் ஒரு மணி. பையைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்."

பிறகு கீழ்ப்பக்கத் தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, முன்பு கொடுத்தனுப்பிய குழலைப் பயன்படுத்துகிறாளா என்று கேட்டார். கதிர் பட்ட பிறகு பெண்ணுறுப்பின் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வழுவழுப்பான ஒரு சின்னக் குழலைக் கொடுப்பார்கள். வாரத்தில் சில நாள், கொஞ்ச நேரம். பரிசோதனைக்கும் அது வேண்டும், தாம்பத்தியத்துக்கும் வேண்டும். எனக்கும் கொடுத்திருந்தார்கள்.

தேசம்மா தரையைப் பார்த்தாள். "கீது சிஸ்டர்."

"எங்கே இருக்கு?"

"அரிசி டப்பால. கொயந்தங்க எடுத்துடும்னு உள்ளே பொதச்சி வெச்சிருக்கேன்."

"அரிசிக்கு என்னம்மா வியாதி?"

தேசம்மா சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அந்த அறையில் மூன்று பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எங்கள் நிலைமையில் அப்படிச் சிரிப்பது ஆபத்து. நான் எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது சிஸ்டர் பன்னீரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா?"

"கை ஒடஞ்சப்போ எட்த்தாங்கோ."

"அந்த எக்ஸ்ரே இன்னும் உங்க கையிலேயேவா இருக்கு?"

"அது எப்டி இருக்கும்?"

"இதுவும் அதே மாதிரிதான். மெஷினை நிறுத்தினதும் கரண்ட் போச்சு. இவங்க உடம்புல ஒண்ணும் இல்லை. பேத்தியைத் தூக்கலாம். யாரு வேணும்னாலும் பக்கத்துல படுக்கலாம்."

பன்னீர் சிஸ்டரைப் பார்த்து, "அப்ப தொடலாமா?" என்றார்.

"என்னை ஏன் கேக்கிறீங்க? அவங்களைக் கேளுங்க."

அவர் தேசம்மாவின் பக்கம் திரும்பினார்.

"கேளேன்யா. வாயில இன்னா மீனா கீது?" என்றாள் தேசம்மா.

அதன் பிறகு சிஸ்டர் அவர்கள் இருவரிடமும் தனியாகப் பேசினார். அவசரம் வேண்டாம், வலித்தால் நிறுத்துங்கள், வறட்சிக்குக் களிம்பு உண்டு என்பது மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டது. நான் நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது பன்னீர் ஆட்டோவில் பின்னால் ஏறினார். ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்தேன்.

ஐஸ் பெட்டியில் சாக்பீஸ் கோடுகள்

ஏழுமலை இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருந்தார். "அடுத்த அமாவாச கழிச்சி வா, பாக்கலாம்." அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதம் முழுவதும் தேசம்மா பையைப் பழக்கினாள். வீட்டு வாசலில் கிடந்த பழைய ஐஸ் பெட்டியின் மூடியில், ஒவ்வொரு முறை போய் வந்ததும் சாக்பீஸால் ஒரு கோடு. மணி பார்க்கும் வேலை பன்னீருக்கு. கடலுக்குப் போகாத நேரமெல்லாம் கையில் செல்போனை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நின்றார்.

"நேரம் ஆயிட்ச்சி, போ."

"முட்டலய்யா."

"முட்டாட்டியும் போகச் சொன்னாங்க இல்ல? போ."

முதல் வாரம் மூடியில் இடமே இல்லை. இரண்டாம் வாரம் கோடுகள் குறைந்தன. மூன்றாவது வாரக் கடைசியில் நான் போனபோது அவள் ஐம்பது நிமிடம் தாங்கினாள். ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே இறுக்கிப் பத்து எண்ணுவதாகச் சொன்னாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்குமே வாய முணுமுணுக்குற?" என்று கேட்டாராம். மந்திரம் என்றாளாம்.

ஆனால் கணக்கு உதைத்தது. ஏழுமலையின் நான்கு படகுகளும் நல்ல மீனோடு வந்தால் ஏலம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அவளுக்குக் கிடைத்திருந்தது ஐம்பது நிமிடம். இன்னும் பழக்கினாலும் ஒரு மணியைத் தாண்டுமா என்பது சந்தேகம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார்.

"குமுதாவையே கூவச் சொல்லிட்டு நீ மீன் விற்கலாமே" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பேப்பர உட்டுட்டு வேற எதுனா விக்கிறியா?"

சாக்பீஸை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"எங்க ஆத்தா கூவின எடம் இல்ல அது. எங்க அக்கா கூவின எடமும் இல்ல. நானா போயி நின்னு, ஆம்பளைங்கோ சிரிக்கச் சிரிக்கக் கூவி எட்த்த எடம். ஒண்ணுக்குப் போறதுக்காவ உட மாட்டேன்."

வலைக்கு வேறு இடம்

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் ஏழுமலையிடம் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் படகு நிழலில் நாலைந்து ஆட்களோடு உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"நைனா, அந்த ரூம்புல யாரு வல கீது?"

"என்னுதுதான். ஏன்?"

"எட்த்துடு. எனக்கு வேணும்."

"வல வெக்கிற ரூம்பு உனக்கு இன்னாத்துக்குமே?"

"வல வெக்கிற ரூம்பு இல்ல நைனா அது. பொம்பளைங்க ஒண்ணுக்குப் போற ரூம்பு."

பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவர்களில் ஒரு சின்னப் பையன் களுக்கென்று சிரித்தான். ஏழுமலை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பொம்பள விசயத்த இங்க வந்து பேசிக்கினு... அப்பால பேசலாம் போ."

"இப்பத்தான் பேசணும். எனக்குக் கர்ப்பப்பை வாயில கேன்சர். கரண்ட் வெச்சாங்கோ. கேன்சர் போச்சு, ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. இது ஒண்ணும் கலீஜ் இல்ல. உங்கையி ஒடஞ்சா கட்டுப் போட்டுக்கினு வலை இஸ்க்கிறல்ல? அந்தமேரிதான்."

நான் பத்திரிகையில் முப்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். அந்த உறுப்பின் பெயரை ஒரு கரையில், பகல் வெளிச்சத்தில், ஆண்கள் நடுவில் ஒரு பெண் சொல்லிக் கேட்டது அதுதான் முதல்முறை. அலுவலகத்தில் எனக்குத் 'தொலைபேசி' வந்த நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

"சரி, ரூம்ப காலி பண்ணித் தரேன்" என்றார் ஏழுமலை கடைசியில், கடலைப் பார்த்தபடியே. "ஆனா நடுவுல போனா ஏலம் செத்துடும். அத்த நான் மாத்த முடியாது. அது கரைக் கட்டு."

"வெல கட்டலன்னா நீ இன்னா பண்ணுவே நைனா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் தேசம்மா பிறகு விளக்கினாள். கேட்கும் விலை படகுக்காரருக்குப் போதவில்லை என்றால் அவர் தன் துடுப்பை எடுத்துக் குவியலின் குறுக்கே வைப்பார். துடுப்பு கிடக்கும்வரை யாரும் விலை கேட்கக் கூடாது. ஆனால் ஏலம் சாகாது. துடுப்பை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"அது போட்டுக்காரன் உரிம" என்றார் ஏழுமலை.

"மீனு உன்னுது, ஒத்துக்கிறேன். ஏலம் யாருது? கூவுற தொண்ட யாருது?"

"பொம்பள துடுப்பு போட்டு நான் பாத்ததில்ல."

"நானுந்தான் பாத்ததில்ல. வா, ரெண்டு பேரும் பாப்போம்."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அமாவாசை கழிந்த காலை

அமாவாசைக்குக் கடலுக்குப் போகாமல் இருந்துவிட்டு மறுபடி போன முதல் நாள். நான்கு படகுகளும் நிறைந்து வந்தன. நான் எண்ணினேன்: ஒன்பது குவியல்கள். தேசம்மா வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். தொடங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு வாய் குடித்தாள். வலை அறையின் பூட்டு திறந்திருந்தது. உள்ளே ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பன்னீர் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்.

குரலில் மாற்றமில்லை. அதே மணி போன்ற கூவல். ஐந்து குவியல் போனது. ஆறாவதைத் தொடங்கியபோது பன்னீர் கூட்டத்துக்கு வெளியே நின்று கையை உயர்த்தினார்.

நெத்திலிக் குவியல். விலை ஏறிக்கொண்டிருந்தது. தேசம்மா நடுவில் நிறுத்தி, "தோ, அஞ்சு நிமிசம்" என்றாள். குனிந்து, படகில் சாய்த்திருந்த ஏழுமலையின் துடுப்பை எடுத்தாள். அது அவளைவிட நீளம். குவியலின் குறுக்கே வைத்தாள். அறையை நோக்கி நடந்தாள். நாற்பது அடிதான்.

கூட்டம் ஏழுமலையைப் பார்த்தது. அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அன்று கேலி பேசிய அதே வியாபாரி பொறுக்காமல், "குமுதா, நீ வந்து கூவு. அந்தம்மா வர்ற வரிக்கும் நாங்க இங்க குந்திக்கினு இருக்கணுமா?" என்றார்.

தேசம்மாவின் காலம் முடிய அந்த ஒரு நிமிடம் போதும். குமுதா வந்து நின்று வாய் திறந்தால் போதும். துடுப்புக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். நான்கு படகுகளின் ஏலமும் குமுதாவின் கைக்கு வந்துவிடும்.

குமுதா இடுப்பில் கைவைத்தாள்.

"துடுப்பு கீதுல்ல? கண்ணு அவிஞ்சிடிச்சா?"

"அது பொம்பள போட்ட துடுப்பு."

"துடுப்புல ஆம்பள பொம்பள இன்னாய்யா? கம்முனு நில்லு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அறையை நோக்கி நடந்தாள். பாதி வழியில், எதிரே திரும்பி வந்துகொண்டிருந்த தேசம்மாவைப் பார்த்து, "உள்ள தண்ணி கீதா யக்கா?" என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

தேசம்மா துடுப்பை எடுத்துப் படகில் சாய்த்தாள். விட்ட விலையைச் சரியாகச் சொன்னாள், யார் கேட்டது என்பதையும் சொன்னாள். நெத்திலி போனது. மிச்ச மூன்று குவியலும் போயின. கடைசிக் குவியல் முடிந்ததும் ஏழுமலை எழுந்து, பீடியை மணலில் அணைத்து, "நாளைக்கு சீக்கிரம் வந்துடு" என்றார். இனி அவள்தான் என்பதை அவர் சொன்ன விதம் அது.

மறுவாரத்திலிருந்து அந்த ஐந்து நிமிடத்தில் அறை வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. மீன் வாங்க வரும் பெண்கள், ஐஸ் உடைக்கும் பெண்கள், இறால் பிரிப்பவர்கள். எல்லோர் கையிலும் ஒரு தண்ணீர் பாட்டில்.

அடுத்த செய்திக் கூட்டத்தில் நான் எழுந்தபோது தொலைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டு, "கழிப்பறைக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில் கரைக்குப் போயிருந்தேன். வெளியூர் நண்டு வியாபாரி ஒருவர் புதிதாக வந்திருந்தார். தேசம்மா துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனதும் அவர் பதறிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஏழுமலையிடம், "என்னங்க இது, பாதியில விட்டுட்டுப் போறாங்க?" என்றார்.

ஏழுமலை வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க கரையில ஏலம் அப்படித்தான்."

"எப்போ இருந்து?"

"எப்பவுமே."

தகவல் பிழைகளைத் திருத்துவது என் தொழில். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திருத்தவில்லை.